நிலா சேம்பரும் ஒரு துண்டு கற்பூரமும்

1. எண் நிற்கவில்லை

வால்வை மூடிய பத்தாவது நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த சேம்பர் தேறாது என்று.

எங்கள் வேலையில் சோதனை ரொம்ப எளிமையானது. சேம்பருக்குள் இருக்கும் காற்றை பம்ப் வைத்து மணிக்கணக்காக இழுத்துத் தள்ளுவோம். இனி இழுக்க ஒன்றுமில்லை என்ற நிலை வந்ததும் பம்புக்கும் சேம்பருக்கும் நடுவில் இருக்கும் வால்வை மூடிவிட்டு, உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். நல்ல சேம்பர் என்றால் எண் நின்ற இடத்திலேயே கிட்டத்தட்ட நிற்கும். இது நிற்கவில்லை. மாடிப்படி ஏறுகிற மாதிரி நிதானமாக, ஓய்வெடுக்காமல் ஏறிக்கொண்டே இருந்தது.

"இன்னா சுசீலா, ஏறுதா?" என்று பின்னாலிருந்து முதலாளி தனசேகர் சார் கேட்டார்.

"ஏறுது சார்."

"எவ்ளோ?"

"பாக்காதீங்க சார். டீ குடிச்சிட்டு வந்து பாருங்க."

அவர் டீ குடிக்கப் போகவில்லை. என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என்னோடு சேர்ந்து எண்ணை முறைத்துப் பார்த்தார். முறைத்தால் இறங்கும் எண் இல்லை அது.

பம்மலில் பழைய தோல் ஷெட் ஒன்றில் இருந்தது எங்கள் பட்டறை. வேக்கம் சேம்பர் செய்வோம். வெற்றிடக் கலன் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். எங்கள் பட்டறையில் அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்த கையோடு அங்கே லீக் டெஸ்டுக்குச் சேர்ந்தவள், போன வருஷம்தான் வேலையை விட்டேன். இப்போது இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். என் சாமர்த்தியத்தை எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் பண்ணிய கூத்தை எழுதுகிறேன். சாமர்த்தியம் எல்லாரிடமும் இருக்கிறது.

2. எதற்காக அந்த சேம்பர்

வழக்கமாக எங்களுக்கு வரும் ஆர்டர் எல்லாம் மருந்துக் கம்பெனி, கண்ணாடி கோட்டிங் கம்பெனி இவைதான். இந்த சேம்பர் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு. கேட்டு வந்தவர் டாக்டர் நந்தினி. முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் இடிபட்டு வருவார். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை மேடம் என்பேன். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தனசேகர் சார் குழம்பிப் போவார்.

முதல் நாள் வரைபடத்தை மேஜையில் விரித்துவிட்டு அவர் சொன்னது எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

"நிலாவுல காத்தே இல்லன்னு சொல்றோம் இல்லையா மேடம்? சுத்தமா இல்லன்னு சொல்ல முடியாது. கொஞ்சூண்டு இருக்கு. ஒரு துகள் இன்னொரு துகளோட மோதறதுக்குக்கூட சான்ஸ் இல்ல, அவ்ளோ கம்மி. ஒவ்வொண்ணும் தனியா தத்தித் தத்திப் போகும். வெயில் பட்ட கல்லு மேல விழுந்தா சூடாகி மறுபடி எகிறும். இன்னொரு இடத்துல விழும். அங்கயும் சூடுன்னா அங்கேர்ந்தும் எகிறும்."

"அப்போ எப்பதான் நிக்கும்?"

"அதான் விஷயமே. துருவத்துல சில பள்ளத்துக்குள்ள வெயில் பட்டதே இல்ல. கோடிக்கணக்கான வருஷமா நிழல்தான். அங்க போய் ஒரு தண்ணித் துகள் விழுந்துச்சுன்னா, அவ்ளோதான். எழுந்திருக்காது. ஐஸா உக்காந்துடும். புதன் கிரகத்துல பகல்ல ஈயம் உருகற சூடு. அங்ககூட துருவத்துப் பள்ளத்துல ஐஸ் இருக்கு."

தனசேகர் சார் தலையைச் சொறிந்தார். "அதாவது, ஃபிரிட்ஜ்ல எந்தத் தட்டுல தண்ணி வெச்சாலும் கடைசில ஃப்ரீசர்ல போய் ஒட்டிக்கினு நிக்குதே, அப்டியா?"

"அதேதான் சார்!" என்று நந்தினி மேஜையைத் தட்டினார். "அந்த ஃப்ரீசரைத்தான் நீங்க செஞ்சு தரப் போறீங்க."

ஆள் உயரத்துக்கு ஒரு எவர்சில்வர் டிரம், முன்பக்கம் கதவு. உள்ளே ஒரு பக்கம் நிலா மண் மாதிரி பொடித்த கல். எதிர்ப் பக்கம் ஒரு குளிர்தட்டு. அதற்குள் திரவ நைட்ரஜன் ஓடும். பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் இறங்கும். துளியூண்டு நீராவியை உள்ளே விட்டால் அது மண்ணில் எவ்வளவு நேரம் தங்குகிறது, எவ்வளவு தத்திப் போய்த் தட்டில் ஐஸ் ஆகிறது என்று அவர் அளக்க வேண்டும். எதிர்காலத்தில் நிலாவில் மனிதர்கள் தங்கினால் குடிக்க அந்த ஐஸ்தான் என்றார். பம்மலில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்தவள் நான். எனக்கு அது உடனே புரிந்தது.

3. நான் செய்தது

எங்கள் ஷெட்டில் சட்டம் போடுகிறவள் நான். சேம்பரை உள்ளே கழுவி, பேக்-அவுட் என்று சூடேற்றி ஈரத்தையெல்லாம் விரட்டிய பிறகு, கையுறை இல்லாமல் யாரும் கதவுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. தலையில் எண்ணெய் வழிந்தால் வரக் கூடாது. பவுடர் பூசியிருந்தால் வரக் கூடாது. ஆபீஸ் பெண் ஒருத்தியை மல்லிகைப் பூவைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லி அழ வைத்திருக்கிறேன். வெல்டர் அந்தோணி அண்ணன் பிஸ்கட் கையோடு வந்ததற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன்.

ஆனால் எங்களுக்கு ஒரு வழக்கமும் உண்டு. புது சேம்பரின் கதவை முதல் தடவை மூடியதும் வெளியே நின்று கற்பூரம் காட்டுவோம். சாமி படத்துக்குக் கீழே அதற்கென்று ஒரு டப்பா. கரையாமல் இருக்க அதில் நாலு மிளகு போட்டு வைத்திருப்பேன்.

இந்த சேம்பருக்கு மட்டும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. நிலாவுக்கான வேலையாயிற்றே! கதவு திறந்திருக்கும்போதே, ஷெட்டில் யாரும் இல்லாத ஒரு நிமிடத்தில், ஆரத்தித் தட்டில் கற்பூரம் ஏற்றிக் கையை உள்ளே நீட்டி ஒரு சுற்றுச் சுற்றினேன். தட்டு சாய்ந்தது. எரியாமல் ஓரத்தில் இருந்த ஒரு துண்டு நழுவி விழுந்து உடைந்தது. பதறிப் போய்ப் பொறுக்கி எடுத்தேன். விழுந்த இடத்தைச் சுத்தம் செய்யும் திரவத்தில் நாலு தடவை துடைத்தேன். கையுறை மாற்றினேன். பிறகு குளிர்தட்டின் தாங்கியைப் பொருத்தி, போல்ட்டுகளை நானே முடுக்கிக் கதவை மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, அதுதான் துடைத்தாயிற்றே என்று நினைத்தேன்.

மறு வாரம் திங்கட்கிழமைதான் அந்த எண் ஏறியது.

4. அந்தோணி அண்ணனின் வலது கண்

எண் ஏறினால் முதல் சந்தேகம் வெல்டிங் மேல். இந்த சேம்பரின் நீள ஸீம், தகடுகளை ஒட்டும் அந்த வெல்டிங் கோடு, முழுக்க அந்தோணி அண்ணன் போட்டது. அனகாபுத்தூர்க்காரர். பட்டறையில் அவர் போட்ட ஸீமில் நான் லீக் கண்டுபிடித்ததே ஓரிரு முறைதான். அப்படிக் கண்டுபிடித்த நாளெல்லாம் எனக்கே மனசு கஷ்டமாக இருக்கும்.

ஆனால் அந்த ஆண்டு அவருக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் போட்ட முதல் பெரிய ஸீம் இதுதான்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஹீலியம் டெஸ்ட் செய்தேன். வெளியிலிருந்து ஸீம் மேல் ஹீலியத்தை ஊதிக்கொண்டே போக வேண்டும். மயிரிழை விரிசல் இருந்தாலும் அது உள்ளே நுழையும், டிடெக்டர் கத்தும். ஒரு அடி ஊத ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். அந்தோணி அண்ணன் என் பக்கத்திலேயே குனிந்து நடந்து வந்தார். டிடெக்டர் வாயே திறக்கவில்லை.

"லீக் இல்ல சார்," என்றேன்.

"லீக் இல்லன்னா எண்ணு ஏன் ஏறுது?"

உள்ளே என்ன வாயு இருக்கிறது என்று பிரித்துச் சொல்லும் கருவி நந்தினியின் ஆய்வகத்தில் இருந்தது. சேம்பரை அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் அதைப் பொருத்துவார்கள்.

புதன்கிழமை தனசேகர் சார் முடிவுக்கு வந்துவிட்டார். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். முடிச்சூரில் அவர் அப்பா உழுத நிலமெல்லாம் பிளாட்டான பிறகு, கட்டடம் கட்டாமல் பட்டறை போட்ட மனுஷன். இந்த சேம்பர் திரும்பி வந்தால் இப்படிப்பட்ட வேலையை இனி யாரும் பம்மலுக்குத் தர மாட்டார்கள் என்று அவருக்கு பயம். வெள்ளிக்கிழமைக்குள் ஏற்கிறோமா இல்லையா என்று நந்தினி தன் ஆய்வகத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

"அம்பத்தூர்லேர்ந்து ஒரு வெல்டர் வெள்ளிக்கெழம காலையில வர்றான்," என்றார் என்னிடம். "அந்த ஸீமை அறுத்துட்டு மறுபடி போடட்டும். அந்தோணி இனிமே வீட்டு கேட்டு, கிரில்லு பாக்கட்டும். வேக்கம் வேல வேணாம்."

"சார், அவர் முப்பது வருஷமா..."

"முப்பது வருஷமா கண்ணு நல்லா இருந்துச்சு சுசீலா."

அந்தோணி அண்ணன் இதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார். "ஆபரேசன் பண்ண கண்ணு தான் சார் இப்ப பளிச்சுனு கீது. பண்ணாத கண்ணு தான் பேஜார் பண்ணுது," என்றார். தனசேகர் சார் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஆபீஸுக்குள் போய்விட்டார்.

அந்தோணி அண்ணன் அடுக்கி வைத்த தகடுகள் மேல் உட்கார்ந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கேட்டு வேல ஒண்ணும் கேவலம் இல்ல சுசீலா. நானு கேட்டு செஞ்சிதான் தொழில் கத்துகினேன். ஆனா அந்த ஸீம் இன்னா தப்பு பண்ணுச்சு? அத்த ஏன் அறுக்கணும்? நீயே ஊதிப் பாத்தியே."

"பாத்தேன் அண்ணா."

"ஓட்டை கீதா?"

"இல்ல அண்ணா."

"அத்த போய் அவருகிட்ட சொல்லு."

அதை அவரிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

5. விடாத தண்ணீர், வந்த வெண்மை

வியாழக்கிழமை காலை நந்தினி ஒரு பெரிய குடுவை திரவ நைட்ரஜனோடு வந்தார். ஸீமை அறுப்பதற்கு முன்னால் குளிர்தட்டை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார். பம்பை ஓட்டி, வால்வை மூடி, தட்டைக் குளிர வைத்தோம்.

அரை மணி கழித்து, கதவிலிருந்த கண்ணாடி ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். தட்டின் மேல் லேசான வெண்மை படர்ந்திருந்தது, கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி.

"நான் இன்னும் தண்ணியே விடலியே மேடம்," என்றார்.

"வெளிக் காத்து உள்ள போவுது. அதுல இருக்கற ஈரம் ஐஸாகுது," என்றார் தனசேகர் சார். "ஸீம்தான். நான் தான் சொன்னேனே."

நந்தினியும் மெதுவாகத் தலையாட்டினார். அந்தோணி அண்ணன் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே வரவில்லை. நான் வழக்கம் போல மீட்டரைப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதினேன். எழுதும்போதே ஒரு விஷயம் உறுத்தியது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. மணி ஒன்றாகியிருந்தது. சாப்பிடப் போனோம்.

6. எலுமிச்சை சாதம்

நந்தினி எங்களோடுதான் சாப்பிட்டார். பேச்சை ஆரம்பித்தது அந்தோணி அண்ணன்தான்.

"மேடம், அந்தத் தண்ணித் துளி எங்கேர்ந்து நிலாவுக்கு வந்துச்சாம்?"

"பல மாதிரி சொல்றாங்க அண்ணா. வால்மீன் மோதி வந்திருக்கலாம். சூரியக் காத்துல வந்திருக்கலாம். எங்கேர்ந்து கிளம்புச்சுங்கறது பெரிய விஷயமில்ல. சூடு இருக்கற வரைக்கும் நிக்காது, குளுந்த இடம் கெடச்சா நகராது. அவ்ளோதான்."

"நிலாவுல இருக்கற காத்து மொத்தமும் அப்டி போய் உறைஞ்சிடுமா?"

"இல்ல அண்ணா. சிலது எவ்ளோ குளுந்தாலும் உறையாது, சுத்திக்கிட்டே இருக்கும்."

என் வாயில் எலுமிச்சை சாதம் நின்றுவிட்டது. உறுத்தியது அதுதான்.

நம் காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். சேம்பருக்குள் இருக்கும் அவ்வளவு குறைந்த அழுத்தத்தில், குளிர்தட்டின் குளிர்கூட நைட்ரஜனை உறைய வைக்காது. வெளிக் காற்று கசிந்து வந்திருந்தால், ஈரம் வேண்டுமானால் தட்டில் ஒட்டியிருக்கும். நைட்ரஜன் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், எண்ணும் ஏறிக்கொண்டே இருக்கும். ஆனால் நான் லாக் புத்தகத்தில் எழுதியது வேறு. தட்டு குளிர்ந்ததும் எண் ஏறுவது கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. உள்ளே வந்துகொண்டிருந்தது எதுவோ, அது முழுவதும் தட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. அப்படியானால் அது காற்றே இல்லை. சூட்டில் பறக்கும், குளிரில் படியும் ஏதோ ஒன்று சேம்பருக்குள்ளேயே இருக்கிறது.

நிமிர்ந்தேன். எதிரே சாமி படம், கீழே கற்பூர டப்பா, உள்ளே என்னுடைய நாலு மிளகு. திறந்து வைத்தால் தானாகக் கரைந்து காணாமல் போகுமே என்றுதானே மிளகு போட்டேன்!

அந்தத் துண்டு உடைந்தபோது ஒரு சில்லு போல்ட் துளைக்குள் விழுந்திருக்க வேண்டும். அடி மூடிய துளை அது. மேலே நானே போல்ட்டை முடுக்கி அதைச் சிறை வைத்திருக்கிறேன். மரை இடுக்கு வழியாக அது ஒரு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியே வந்துகொண்டிருக்கிறது. வெளியிலிருந்து ஹீலியம் ஊதினால் இது எப்படிக் கத்தும்? ஓட்டை இருந்தால்தானே!

பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் யோசித்ததையும் எழுதிவிடுகிறேன். கற்பூரத்தைப் பற்றி வாயைத் திறக்காமல், "போல்ட்டுக்கு நடுவில் காற்று வெளியேறத் துளை இல்லை, அதில் அழுக்கு தங்கியிருக்கும்" என்று மட்டும் சொல்லலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த போல்ட்டுகளுக்கான துளைகளைப் போட்டது அந்தோணி அண்ணன். ஸீமிலிருந்து இறங்கி பழி போல்ட்டில் உட்காரும், ஆள் அதே ஆள்தான். மல்லிகைப் பூவுக்கு அழுத பெண் நாலு மேஜை தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டிபன் பாக்ஸை மூடினேன். அதற்கு மேல் ஒரு பருக்கை கூட இறங்கவில்லை.

7. சொன்னேன்

"சார், ஸீம்ல தப்பு இல்ல. தப்பு என் மேல. கதவ மூடறதுக்கு முன்னாடி நான் உள்ள கற்பூரம் காட்டினேன். ஒரு துண்டு விழுந்துடுச்சு. எடுத்துட்டேன்னு நெனச்சேன். ஒரு சில்லு போல்ட் ஹோல்ல இருக்கு."

தனசேகர் சார் கையில் மோர் டம்ளரோடு என்னையே பார்த்தார்.

"உள்ளயா?"

"உள்ள."

"நீயா?"

"நான்தான் சார்."

"பூ வெச்சுக்கினு வந்தா கேட்டுலயே நிறுத்துவியே சுசீலா! என் பொண்ணு சென்ட் போட்டுக்கினு வந்தான்னு அவள வெளில உக்கார வெச்சவ நீ!"

எனக்கு பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. அந்தோணி அண்ணன் முதலில் வாயைப் பொத்தினார். அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் அடக்க முடியாமல் சிரித்து, புரையேறி, நந்தினி அவர் தலையில் தட்டும்படி ஆயிற்று.

"ஒரு பிஸ்கட்டுக்கு ஒரு வாரம் பேசல," என்றார் மூச்சு வாங்க. "ஒரு பிஸ்கட்டுக்கு!"

நந்தினி சிரிக்கவில்லை. அவர் லாக் புத்தகத்தை எடுத்து, தட்டு குளிர்ந்த நேரத்தையும் எண்ணையும் விரலால் ஓட்டிப் பார்த்தார். "மேடம் சொல்றது சரி சார். காத்தா இருந்தா எண்ணு நின்னிருக்காது. எனக்கே தோணியிருக்கணும்." பிறகு என்னைப் பார்த்து, "எந்த போல்ட்?" என்றார்.

தட்டு சூடேறி, சேம்பரைத் திறக்க மறுநாள் காலை ஆகும். தனசேகர் சார் எழுந்து கை கழுவினார். "நீ சொல்றத நம்பறேன். ஆனா அம்பத்தூர் ஆளு வரட்டும். ஹோல்ல ஒண்ணும் இல்லன்னா அவன் அறுப்பான்," என்றார். அவர் நிலைமையில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

8. மூன்றாவது போல்ட்

வெள்ளிக்கிழமை காலை அம்பத்தூர் வெல்டர் கிரைண்டரோடு வந்து ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். குப்பென்று கற்பூர வாசனை. தினமும் காலையில் கற்பூரம் ஏற்றும் ஷெட்டில் வெளியே நின்றிருந்தவர்களுக்கு அது வித்தியாசமாகத் தெரிந்திருக்காது. சேம்பருக்குள் அது இருக்கக் கூடாத வாசனை.

முதல் போல்ட், ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவதைக் கழற்றி டார்ச் அடித்தேன். துளையின் அடியில் வெள்ளையாகக் கடுகளவு மிச்சம்.

"சார்," என்றேன்.

தனசேகர் சார் எட்டிப் பார்த்தார். நிமிர்ந்தார். அம்பத்தூர்க்காரரிடம் போய், "நீ கெளம்புப்பா. ஸீம் நல்லா கீது," என்றார். ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "அதுலயும் ரெண்டு மிளகு போட்டிருந்தின்னா ஆவி ஆயிருக்காது," என்றார். அவர் கோபம் அவ்வளவுதான்.

அந்தச் சில்லைத் தூக்கி எறியப் போனபோது நந்தினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், அத குடுங்க! ஒரு சூடான இடத்துலேர்ந்து ஒரு பொருள் கிளம்பிப் போய்க் குளுந்த இடத்துல படிஞ்சிருக்கு. எங்கேர்ந்து போச்சு, எங்க போய் நின்னுச்சு, எண்ணு எப்படி மாறுச்சு, எல்லாம் நீங்க எழுதி வெச்சிருக்கீங்க. நான் இங்க செய்ய வந்ததே அதான். தண்ணிக்குப் பதிலா கற்பூரம். எனக்கு இது ரிகர்சல்."

கடுகளவு கற்பூரத்தை ஒரு குட்டி பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டார். ஆய்வகத்துக்கு போன் போட்டு, திங்கட்கிழமை வரை நேரம் கேட்டு வாங்கினார்.

இனி இப்படி நடக்காமல் இருக்க ஒவ்வொரு போல்ட்டுக்கும் நடுவில் நீளவாக்கில் மெல்லிய துளை போட வேண்டும். எவர்சில்வர் போல்ட், பென்சில் முனை அளவு டிரில் பிட். இம்மி பிசகினால் பிட் முறிந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும். தனசேகர் சார் யாரிடம் கொடுப்பது என்று ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். அந்தோணி அண்ணன் கேட்காமலே மெஷின் முன்னால் போய் நின்றிருந்தார்.

பன்னிரண்டு போல்ட். தனசேகர் சார் முதல் போல்ட் முடியும் வரை பக்கத்தில் நின்றார். இரண்டாவது முடியும் வரையும் நின்றார். நாலாவதில் அவரே போய் டீ வாங்கி வந்து அந்தோணி அண்ணன் கையெட்டும் இடத்தில் வைத்தார். ஒரு பிட்கூட முறியவில்லை.

9. முதலில் பார்த்தவர் கையெழுத்து

பாடம் என்று கேட்டால், நான் சொல்வது ஒன்றே ஒன்று. சேம்பருக்குள் என்ன தெரிந்தது என்று எழுதுவதற்கு முன்னால், சேம்பருக்குள் நீங்கள் எதைக் கொண்டு போனீர்கள் என்று எழுதுங்கள். துடைத்துவிட்டதாக நினைப்பதையும் எழுதுங்கள். துடைத்ததை முக்கியமாக எழுதுங்கள். அந்த வாரத்திலிருந்து எங்கள் லாக் புத்தகத்தில் 'உள்ளே போனவை' என்று புதிதாக ஒரு பத்தி வந்தது. நிலா சேம்பரின் பக்கத்தில் முதல் வரி என் கையெழுத்தில் இருக்கிறது: கற்பூரம், ஒரு துண்டு, போட்டவர் சுசீலா. வெட்கமாகத்தான் இருந்தது. எழுதி முடித்ததும் பசித்தது.

திங்கட்கிழமை வால்வை மூடினோம். எண் நின்றது. ஒரு மணி நேரம் கழித்தும் நின்றது. தனசேகர் சார் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார், கற்பூரம் கேட்கவில்லை.

நந்தினி அன்றே முதல் சோதனையைச் செய்துவிடலாம் என்றார். பொடிக் கல்லை விரித்து, தட்டைக் குளிர வைத்து, இந்தத் தடவை அவரே கணக்காகத் துளியூண்டு நீராவியை விட்டார். எங்கள் எல்லாருக்கும் அந்த ஜன்னல் ஒன்றுதான். மாறி மாறி எட்டிப் பார்த்தோம். எனக்கு வெறும் தட்டுதான் தெரிந்தது. தனசேகர் சாருக்கும் அதுவேதான். "டைம் ஆகும்," என்றார் நந்தினி, நகத்தைக் கடித்துக்கொண்டே.

அந்தோணி அண்ணன் கடைசியாக வந்தார். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வலது கண்ணை ஜன்னலில் வைத்தார்.

"வந்துகினு கீது," என்றார்.

"எங்க அண்ணா?"

"பைப்பு வர்ற பக்கம். இடது ஓரத்துல. ஒரு கோடு மாதிரி."

நந்தினி ஓடி வந்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். திரவ நைட்ரஜன் முதலில் நுழையும் ஓரம் அது, தட்டிலேயே அதிகம் குளிர்ந்த இடம். அங்கே நகக்கீறல் அளவுக்கு வெள்ளைக் கோடு. நந்தினி திரும்பியபோது அவர் கண்ணில் தண்ணீர். "தண்ணிதான் அண்ணா," என்றார். "நாம விட்ட தண்ணி. அங்க போய் உக்காந்திருக்கு."

லாக் புத்தகத்தில் முதலில் பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை வருஷமும் அந்தக் கட்டத்தில் என் கையெழுத்தோ முதலாளி கையெழுத்தோதான் விழுந்திருக்கிறது. தனசேகர் சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றி, அந்தோணி அண்ணனிடம் நீட்டினார்.

"நீ போடுப்பா. உன் கண்ணுக்குத் தானே தெரிஞ்சுது."

அந்தோணி அண்ணன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். கட்டம் போதாமல் பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்துப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கம் இப்போது சேம்பரோடு ஆய்வகத்தில் இருக்கிறது.